இந்தத் தீபாவளிக்குக் கோவா எதில் கிண்டுவது?

எங்களுக்குப் பால் ஊற்றும் அண்ணன் போன மாதம் பாதி மாடுகளை விற்றுவிட்டார். "இனிமே ஒரு நாளைக்கு மூணு லிட்டருக்கு மேல கேக்காதீங்க தங்கச்சி" என்று கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் மேய்ச்சலுக்கு விட இடம் குறைந்துகொண்டே வருகிறது, அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மூன்று இனிப்புக்கு ஆர்டர் எடுப்பது வழக்கம்: பால்கோவா, பேடா, குலாப் ஜாமூன். மூன்றுக்கும் அடிப்படை கோவாதான். அவர் பால் இல்லாவிட்டால் வேறு எதில் செய்வது என்று நானும் அத்தையும் ஒரு வாரமாக அடுப்படியில் சோதனை போட்டோம். அந்தக் கணக்குதான் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கம் பால்கோவா என்றால் சீனி போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் பாலும் சீனியும் சேர்ந்த இனிப்புதான். வடக்கே கோயா, மாவா என்று சொல்வது சீனியே இல்லாமல் பாலை மட்டும் சுண்டவைத்தது. இனிப்புக்கு அது மூலப்பொருள். அதிலும் அவர்கள் மூன்று வகை பிரிக்கிறார்கள். கெட்டியாக உருண்டை பிடிப்பது பிண்டி, பேடாவுக்கும் பர்ஃபிக்கும் ஏற்றது. இளகலாக, ஈரம் கூடுதலாக இருப்பது தாப், ஜாமூனுக்கு. மணல் மணலாக இருப்பது தானேதார், கலாகந்துக்கு. பிண்டியில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் இருக்கும், தாப்பில் நாற்பது சதவீதத்தை ஒட்டி. இந்த வித்தியாசம் தெரியாமல் "கோவா" என்று ஒரே பெயரில் வாங்கி ஒரே மாதிரி பிசைந்தால், ஜாமூன் எண்ணெயில் உடையும், பேடா தட்டில் ஒட்டும். எந்தப் பால் என்று கேட்பதற்கு முன்னால், எந்த இனிப்பு என்று கேட்க வேண்டும்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

மாட்டுப்பாலை நேரே சுண்டவைப்பதுதான் அத்தையின் வழி. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் காலையில் மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் மாட்டில் பால் கறந்தவர் அவர். "ரெண்டு பாலையும் பாத்தவ நான், எனக்கு நீ சொல்லித் தர்றியா கண்ணு" என்பார். சொல்லித் தருவது அவர்தான், நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு லிட்டருக்கு மேல் ஒரு குவாலியில், அதாவது வாணலியில், ஊற்றக் கூடாது. அகலமான, அடி கனமான இரும்புக் குவாலி. பால் பொங்கும்வரை பெரிய தீ, பொங்கிய பிறகும் தீயைக் குறைக்கத் தேவையில்லை, ஆனால் கரண்டியை எடுக்கக் கூடாது. தோசை திருப்பியைத் தட்டையாக வைத்து அடியோடு அடியாகத் தள்ள வேண்டும், வட்டமாகச் சுழற்றினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் ஏடு படியப் படிய வழித்து உள்ளே விட வேண்டும். அரை மணி நேரத்தில் பால் பாதிக்கும் கீழே இறங்கி, லேசான சந்தன நிறத்துக்கு வரும். அதன் பிறகு கொதிக்கும் சத்தம் மாறும். சலசலவென்று இருந்தது, 'பொத்பொத்'தென்று கூழ் கொதிப்பது போல ஆகும். அத்தை பார்த்துக்கொண்டு இருப்பதில்லை, கேட்டுக்கொண்டு இருப்பார். சத்தம் மாறியதும் முன் அறையில் இருந்தபடியே "தீயைக் கொறை" என்பார். அங்கிருந்து கடைசிப் பத்து நிமிடம்தான் அடி பிடிக்கும் நேரம். குவாலியின் ஓரத்தை விட்டு ஒன்றாகத் திரண்டு வந்தால் பிண்டி. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் இறக்கினால் தாப். இறக்கிய பிறகும் குவாலிச் சூட்டில் இறுகும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே இறக்குவது நல்லது.

அடி பிடித்துவிட்டால் மட்டும் ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாம். சுரண்டினால் மொத்தமும் தீய்ந்த வாசம். இது எனக்குப் பாடப்புத்தகத்தில் வந்ததில்லை.

பசும்பாலில் இருக்கும் திடப்பொருள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை பங்குதான். மீதி எல்லாம் தண்ணீர். ஆகவே ஒரு லிட்டரில் கிடைக்கும் கோவா சுமார் 180 கிராம், நன்றாக மேய்ந்த மாடு என்றால் 190. எருமைப்பால் என்றால் 200 கிராமைத் தாண்டும், கொழுப்பு அதிகம் என்பதால் மிருதுவாக வரும், நிறமும் வெள்ளையாக இருக்கும். வடநாட்டு இனிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் எருமைப்பாலை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. பசும்பாலில் அதே அளவைப் பின்பற்றினால் கோவா மஞ்சளாக, கொஞ்சம் வறண்டு வருவது அதனால்தான். கடைசியில் ஒரு கரண்டி நெய் விட்டால் அந்த வறட்சி சரியாகிவிடும். முர்ரா எருமை வைத்திருப்பவர்கள் பேராக்கில் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களோடு பகை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேஸ் தீர்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. இரண்டு லிட்டர் பாலைச் சுண்டவைக்க ஒரு மணி நேரத்தில் சுமார் 200 கிராம் கேஸ் போகும். நாற்பது காசுகூட இல்லை. செலவு கேஸில் இல்லை, தோள்பட்டையில்தான். ஐந்து கிலோ பால்கோவா ஆர்டர் என்றால் சீனி போக நாலு கிலோ கோவாவாவது வேண்டும். இருபது லிட்டருக்கு மேல் பால், பத்துப் பதினொரு தடவை குவாலி. அண்ணன் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்தான் தருகிறார் என்னும்போது ஓரிரு நாளில் முடிக்க இது கணக்குக்கே வராது.

அடுத்து பெட்டிப் பால். சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு விதம் கிடைக்கும்: குளிர்ப்பெட்டியில் இருக்கும் பாஸ்சுரைஸ் செய்த பால், வெளியே அடுக்கி வைத்திருக்கும் யூஎச்டி பால். குளிர்ப்பெட்டிப் பால் கிட்டத்தட்ட மாட்டுப்பால் மாதிரியே நடந்துகொள்கிறது. யூஎச்டி பாலை 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்கியே பெட்டியில் அடைக்கிறார்கள். ஆகவே ஆரம்பத்திலேயே லேசாகக் காய்ச்சிய வாசம் இருக்கும், கோவாவும் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும். தயிருக்கும் பன்னீருக்கும் அது எனக்குச் சரிப்பட்டதில்லை, கோவாவுக்குத் தாராளமாகச் சரிப்படும். பெட்டியில் 'சூசூ செகார்' (மலாயில் புதிய பால்) என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பால்பொடியைத் தண்ணீரில் கரைத்துச் செய்த பாலும் அதே மாதிரிப் பெட்டியில் வருகிறது. தொழிற்சாலையில் ஒருவர் பாலிலிருந்து தண்ணீரை எடுத்துப் பொடியாக்க, இன்னொருவர் அதில் தண்ணீரைச் சேர்க்க, அந்தத் தண்ணீரை நான் ஒரு மணி நேரம் நின்று மறுபடி வற்றவைப்பதா? அதற்குப் பொடியையே வாங்கிவிடலாம். கொழுப்புக் குறைத்த பாலையும் தொடாதீர்கள். என் நாத்தனார் உடம்புக்கு நல்லது என்று ஒருமுறை அதில் கிண்டினார். வந்தது கோவா இல்லை, அழிரப்பர்.

பெட்டிப் பாலின் உண்மையான இடைஞ்சல் விலை. லிட்டர் 8 வெள்ளி என்று வைத்தால் ஒரு கிலோ கோவாவுக்கு 44 வெள்ளி பாலுக்கே போய்விடும். கூலி, சீனி, ஏலக்காய் எல்லாம் இனிமேல்தான். அதை வாங்குகிறவர்களிடம் விலையாகச் சொல்லும்போது, "வீட்டுல செஞ்சதுதானேக்கா" என்பார்கள்.

பால்பொடிக்கு வருவோம். இங்கேதான் என் எண்ணம் மாறியது. பொடிக் கோவா என்றால் ஏமாற்று வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. சுண்டவைத்த பாலின் கொழுப்பு, தண்ணீர் போக மீதியில் முப்பது சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் கோயாவுக்கு வைத்திருக்கும் விதி. முழுக்கொழுப்புப் பால்பொடியில் 26 சதவீதம் இருக்கிறது. அதாவது 100 கிராம் பொடிக்கு ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் கொழுப்பு அளவில் பசும்பால் கோவாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நெய்யை அடி கனமான குவாலியில் உருக்கி, அரைக் கப் பாலை ஊற்றி, சூடானதும் ஒரு கப் பொடியைத் தூவிக் கிளற வேண்டும். சிறுதீயில் எட்டு நிமிடம். கட்டி விழுந்தால் பயப்பட வேண்டாம், கரண்டியின் முதுகால் அழுத்தினால் கரையும். அன்றைக்கே பயன்படுத்தினால் பல்லில் மாவு மாவாக ஒட்டும். மூடி போட்டு ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் பொடி ஈரத்தை இழுத்துக்கொண்டு அந்த மாவுத்தன்மை போய்விடும். பொடி கிலோ 35 வெள்ளி என்றால் கோவா கிலோ நெய்யோடு சேர்த்து 25, 26 வெள்ளிக்குள் அடங்கும். பெட்டிப் பாலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

குறைவது எது என்றால் வாசம். பால் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது அதன் புரதமும் பால்சர்க்கரையும் சேர்ந்து மெல்லச் சிவந்து ஒரு வாசத்தைக் கொடுக்கும். எட்டு நிமிடத்தில் அது வராது. பால்கோவாவில் மறைக்க வேறு எதுவும் இல்லாததால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அத்தையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டு கோவாவையும் இரண்டு கிண்ணத்தில் கொடுத்தேன். பொடிக் கோவாவை நாக்கில் வைத்ததும், "இது பிள்ளைக்குக் கரைச்சுக் குடுக்கறது மாதிரி இருக்கு" என்றார். பேடாவில் அதே கோவாவைக் குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்டுக் கொடுத்தபோது அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஜாமூனிலோ பொடிதான் ஜெயித்தது. எண்ணெயில் பொரித்து, சீனிப் பாகில் ஊறவைத்து, ஏலக்காய் போட்ட பிறகு சுண்டவைத்த பாலின் மெல்லிய வாசத்துக்கு அங்கே இடமே இல்லை. முக்கியம் மிருதுதான். ஒரு கப் முழுக்கொழுப்புப் பொடி, மூன்று மேசைக்கரண்டி மைதா, ஒரு சிட்டிகை சோடா, ஒரு மேசைக்கரண்டி நெய். சேர்த்துக் கையால் பிசிறிவிட்டு, பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு ஒன்றுசேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது. கையில் லேசாக ஒட்டுகிற பதத்திலேயே நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் விட்டால், பொடி ஈரத்தைக் குடித்துத் தானாக இறுகும். இதைத் தெரியாமல் ஒட்டுகிறதே என்று இன்னும் பொடி சேர்ப்பவர்களுக்குத்தான் ஜாமூன் கோலிக்குண்டாகிறது. பொடியில் பால்சர்க்கரை அதிகம் என்பதால் சீக்கிரம் கருகும், எண்ணெய் சூடு குறைவாக இருக்க வேண்டும். ஒரு உருண்டையைப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்து, யோசித்து, நிதானமாக மேலே வர வேண்டும். போட்டவுடன் மிதந்தால் சூடு அதிகம். வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கும்.

குழந்தைகளுக்கு என்று விற்கும் பால்பொடிகளை வாங்காதீர்கள், அவற்றில் பாலைத் தவிர வேறு பல சேர்மானங்கள் உண்டு. பொட்டலத்தின் பின்னால் செம்பனை எண்ணெய், தாவரக் கொழுப்பு என்று எழுதியிருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். அங்கிருந்துதான் டின் பால் கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனம். வடநாட்டுக் குறிப்பு ஒன்றில் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், பால்பொடி இரண்டு கப், கிளறினால் பத்து நிமிடத்தில் பேடா என்று இருந்தது. தே தாரேக் டீக்கு வைத்திருந்த டின்களைத் திறந்து இருநூறு பேடாவுக்குக் கிளறினேன். குவாலியில் இருக்கும்போது பளபளவென்று அழகாக இருந்தது. ஆறியதும் பேடா பிடிக்க வரவில்லை, இழுத்தால் நூல் மாதிரி வந்தது. இரண்டாம் நாள் டாஃபி. ஆர்டர் கொடுத்திருந்த டீச்சர் நல்ல மனுஷி, "பிள்ளைங்க மிட்டாய்னு சாப்பிட்டுட்டாங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அடுத்த வருடம் ஆர்டரும் கொடுக்கவில்லை.

அப்புறம்தான் டின்னைத் திருப்பிப் படித்தேன். 'கிரிமர்' என்று போட்டிருந்தது. நம் நாட்டுக் கடைகளில் டீக்கு என்று மலிவாக விற்கும் டின்களில் பெரும்பாலானவை இப்போது சுண்டிய பால் இல்லை, கிரிமர். பால்கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்பனை எண்ணெய், பால் திடப்பொருளும் குறைவு. கோவாவைப் பிடித்து நிறுத்துவது பாலின் புரதம். அது குறைந்து, சீனி மட்டும் நிறைய இருந்தால் அடுப்பில் நடப்பது மிட்டாய் வேலைதானே. டீக்கு அது நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்கு வழக்கு இல்லை. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் செம்பனைக் காடு, தட்டில் இருக்கும் பேடாவிலும் செம்பனை என்றால் சிரிப்பதா அழுவதா என்றுதான் தெரியவில்லை.

உண்மையான சுண்டிய பால் டின் வேண்டுமென்றால் 'சூசூ பெக்காட் மானிஸ்' என்று பெயரிலேயே 'சூசூ' இருக்க வேண்டும், சேர்மானத்தில் பாலும் சீனியும் மட்டும். கிடைத்தாலும் எடையில் கிட்டத்தட்ட பாதி சீனிதான் என்பதை மறக்கக் கூடாது. ஜாமூனுக்கு உதவாது, அந்தச் சீனி எண்ணெயில் கருகும். தேங்காய் பர்ஃபிக்கும் அவசரப் பேடாவுக்கும் வைத்துக்கொள்ளலாம், வேறு சீனி சேர்க்காமல். இனிப்பு இல்லாத ஆவிப் பால் (எவாப்பரேட்டட் மில்க்) டின்களிலும் இதே கிரிமர் விளையாட்டு உண்டு.

கடைசியாக, உறைந்த கோயா. ஈப்போ லிட்டில் இந்தியாவில் கேட்டுப் பார்த்தால் சில கடைகளில் கிடைக்கும், இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். வேலை மிச்சம், ஆனால் நான் அதிகம் நம்பவில்லை. உறைந்து இளகும்போது தண்ணீர் பிரிந்து சொரசொரப்பாகிறது. ஃபிரிட்ஜிலேயே ஒரு ராத்திரி இளகவிட்டு, துருவி, கொஞ்சம் நெய்யில் வதக்கிக்கொண்டால் பேடாவுக்குப் போதும். மாவு கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. இன்னொரு சோதனைக்கு மருந்துகூட வேண்டாம். உள்ளங்கையில் ஒரு துளி கோவாவை அழுத்தித் தேய்த்தால் நெய் கசிந்து நெய் மணக்க வேண்டும். மெழுகு தடவியது போல் இருந்தால் கடைக்காரரிடம் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

கெடும் விஷயம் ஒன்று பாக்கி. எந்தப் பாலில் செய்தாலும் சீனி போடாத கோவா நம் ஊர் புழுக்கத்தில் வெளியே இரண்டு நாள் தாங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலேயே கிண்டி வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஃப்ரீஸரில் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே ஐஸ்கிரீமுக்கும் மீனுக்கும் நடுவில் வைப்பதாக இருந்தால் காற்றுப் புகாமல் இரண்டு உறை போடுங்கள்; பால் எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

ஆகவே இந்த வருடம் எங்கள் வீட்டில் இப்படி. ஜாமூன் முழுவதும் பொடியில், ஐந்நூறு உருண்டை வந்தாலும் கவலையில்லை. பேடாவுக்குப் பாதி பொடிக் கோவா, பாதி பெட்டிப் பாலில் சுண்டவைத்தது. வாசத்துக்கு அந்தப் பாதி போதும், விலையும் ஏறாது. பால்கோவாவுக்கு மாட்டுப்பால் மட்டும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்றால் அரைக் கிலோவுக்கு மேல் கோவா, சீனி சேர்ந்து எழுநூறு கிராம் பால்கோவா. ஒரு வாரம் கிண்டினால் ஐந்து கிலோ, அதற்கு மேல் ஆர்டர் எடுப்பதாக இல்லை. விலையும் பேடாவைவிட இரண்டு மடங்கு. போன வாரம் வாட்ஸ்அப்பில் போட்டதும் ஒருவர், "அதே பால்கோவா வேற கடையில பாதி விலைக்குக் குடுக்கறாங்களே" என்று அனுப்பினார். அது எந்தப் பாலில் செய்தது என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

அத்தைக்கு மட்டும் திருப்தி இல்லை. ஜாமூனுக்கும் மாட்டுப்பால்தான் வேண்டும் என்கிறார். நேற்று அண்ணன் பால் ஊற்ற வந்தபோது கேட் வரைக்கும் போய், "ஏம்பா, ஒரு நாளைக்கு மட்டும் ஆறு லிட்டர் குடுத்தா மாடு கோவிச்சுக்குமா?" என்று கேட்டார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "வியாழக்கிழமை பாக்கறேன் ஆத்தா" என்றார். குவாலியைத் தேய்த்துக் காயவைத்திருக்கிறேன்.